சீசனுக்கு முதல் எங்கட ஆக்களுக்கு சிறுவர் பாதுகாப்பு ரெயினிங் ஒண்டு வைக்கோணும், எங்க தொடங்கிறது?

உப்புவெளி_செயலாளர்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. திருகோணமலையில உப்புவெளிப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தில செயலாளரா இருக்கிறன். மே மாசம் சீசன் சூடு பிடிக்க முதல், பிள்ளைகளைப் பாலியலுக்காக விக்கிறது வாங்கிறது பற்றி எங்கட ஆக்களுக்கு ஒரு ரெயினிங் வைக்கோணும் எண்டு கமிட்டியில கதைச்சு கதைச்சு கடைசியில எல்லாம் என்ர தலையில. கழகத் தொண்டர்கள் 15 பேர், சந்தியில ஓட்டோ ஓடுற அண்ணாமார், கெஸ்ட்ஹவுசில வேலை செய்யிற ரெண்டு மூண்டு பேர், ரியூசன் ரீச்சர்மார், எங்கட ஏரியா குடும்பநல உத்தியோகத்தர் அக்காவும் வாறன் எண்டவ. ஹோல் இருக்கு, ஒரு சனிக்கிழமை முழுநாளும் இருக்கு. இன்டர்நெட்டில அங்க இங்க எடுத்து 64 ஸ்லைட் செஞ்சு வச்சிருக்கிறன், உலகத்தில எத்தினை பிள்ளை, சங்கிலி போட்ட கை, இருட்டு மூலையில அழுகிற பிள்ளை எண்டு எல்லாம் இருக்கு. பார்த்தா எனக்கே அலுக்குது.

ஏன் இதுக்குள்ள வந்தன் எண்டு சொல்லோணும். ஆரெண்டு விளங்காத மாதிரி விசயத்தை மாத்தித்தான் சொல்றன். எங்கட பக்கம் ஒரு பிள்ளை தன்ர ரீச்சரிட்ட ஒரு விசயம் சொல்லிச்சுது. ரீச்சர் பதறிப்போய் இன்னொராளுக்குச் சொல்லி, அவர் எங்களுக்குச் சொல்லி, அண்டு பின்னேரமே கழகக் கொட்டிலுக்குள்ள வச்சு அஞ்சு பேர் ஒராளுக்குப் பின்னால ஒராள் அந்தப் பிள்ளையை விசாரிச்சம். நானும் கேட்டன். "அப்ப ஏன் முதல் நாளே சொல்லேல்ல?" இதுதான் நான் கேட்ட கேள்வி. பிள்ளை தண்ணிப் போத்தல் மூடியைத் திறக்கும் பூட்டும், திறக்கும் பூட்டும், வேற ஒண்டும் செய்யேல்ல. பிறகு பொலிசில போய் ஒண்டும் நடக்கேல்ல எண்டு சொல்லிட்டுது.

அதால கேக்கிறன். என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது, ஆரைக் கூப்பிடுறது, சட்டம் எவ்வளவு சொல்லோணும்? அனுபவம் உள்ள ஆக்கள் எழுதுங்கோ.

ரிட்டயர்_அக்கா:

தம்பி, நான் டீஎஸ் ஒபிசில, அதுதான் பிரதேச செயலகத்தில, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரா இருந்து ரிட்டயர் ஆனனான். முதல் வேலை, அந்த 64 ஸ்லைடையும் அழிங்கோ. குறிப்பா சங்கிலிப் படம். அதைப் பார்த்திட்டுப் போற தொண்டர் சங்கிலி போட்ட பிள்ளையைத்தான் தேடுவார். புதுப் போன் ஒண்டோட, கொத்துக் கடையில ஒரு "அண்ணா" வாங்கிக் குடுத்த கொத்தைச் சாப்பிட்டுக்கொண்டு சிரிச்சுக் கதைக்கிற பிள்ளையை அவருக்குத் தெரியாது. எனக்கு வந்த கேசுகளில முக்கால்வாசி அந்த மாதிரித்தான் தொடங்கினது. தெரிஞ்ச ஆள், உதவி செய்யிற ஆள், வீட்டில அரிசி பருப்புக்குக் கூட காசு குடுத்த ஆள். தாய் மத்திய கிழக்கில, தகப்பன் கடலுக்கு, பிள்ளை அம்மம்மாவோட, அப்ப அந்த ஆள்தான் குடும்பத்துக்குக் கடவுள்.

நீங்கள் கொட்டிலுக்குள்ள செய்தது உங்கட ஊரில மட்டும் நடக்கிற விசயம் இல்ல, படிச்ச ஆக்களும் அதைத்தான் செய்யினம், அதால உங்களையே போட்டு வதைக்காதீங்கோ. ஆனா ரெயினிங்கின்ர அரைவாசி நேரம் அதுக்குத்தான் போகோணும். பிள்ளை வாய் திறந்த முதல் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்தில தொண்டருக்கு வேலை கேக்கிறது மட்டும், விசாரிக்கிறது இல்ல. "ஏன்" எண்டு தொடங்கிற எந்தக் கேள்வியும் வேண்டாம். ஏன் போனாய், ஏன் கத்தேல்ல, ஏன் சொல்லேல்ல, இது மூண்டும் பிள்ளையின்ர காதில "உன்ர பிழை" எண்டுதான் விழும். "அவர் உன்னைத் தொட்டவரா?" எண்டும் கேக்கக்கூடாது, அது நீங்கள் மறுமொழியை ஊட்டி விடுறது, நாளைக்கு கோட்டில எதிர்ப்பக்க லோயர் அதைத்தான் பிடிப்பார். "என்ன நடந்தது எண்டு சொல்லு", "பிறகு?" அவ்வளவுதான். இண்டைக்கு இரவு பிள்ளை எங்க படுக்கப்போகுது, அந்த ஆள் அங்க வருவாரா, இது தெரிஞ்சாப் போதும் நிப்பாட்டுங்கோ.

சொல்லவேண்டியது ரெண்டு மூண்டு வசனம். நீ சொன்னது நல்லது. உன்னில பிழை இல்ல. உதவி எடுக்கிறதுக்கு நான் இன்னொராளிட்ட சொல்லோணும். இந்த மூண்டாவதை விடக்கூடாது, "ஆரிட்டயும் சொல்லமாட்டன், சத்தியம்" எண்டு சொல்லிட்டு அடுத்த நாள் பொலிசோட போய் நிண்டா அந்தப் பிள்ளை சாகும்வரை ஒருத்தரையும் நம்பாது. பிள்ளை போன உடன ஒரு கொப்பியில நேரம் போட்டு அது சொன்ன சொல்லையே எழுதுங்கோ. பிள்ளை "விளையாட்டுக் காட்டினவர்" எண்டு சொன்னா அதையே எழுதுங்கோ, "துஷ்பிரயோகம்" எண்டு திருத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011 இல உளவியல் முதலுதவிக்கு ஒரு கைநூல் போட்டது, அதில சாரம் மூண்டு சொல்: பார், கேள், இணை. உங்கட தொண்டர் மூண்டாவதை மறந்து, தானே துப்பறியப் போவார், அதைத்தான் தடுக்கோணும்.

இணைக்கிறது எங்க எண்டா 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம், 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால வந்த சபை, தமிழிலயும் கதைக்கலாம், காசு இல்ல. பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்துக்கு 109. ஆனா இலக்கம் மட்டும் போதாது, ரெயினிங்குக்கு ரெண்டு கிழமைக்கு முதல் டீஎஸ் ஒபிசுக்குப் போய் உங்கட பிரிவில நன்னடத்தை உத்தியோகத்தர் ஆர், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் ஆர் எண்டு பார்த்து முகத்துக்கு முகம் கதைச்சு, முடிஞ்சா அவையை ஒரு மணித்தியாலம் கூப்பிடுங்கோ. இரவு 9 மணிக்கு போன் அடிக்கேக்க தெரிஞ்ச குரல் எண்டா ஆக்கள் அடிப்பினம்.

கிண்ணியா_ஓட்டோ:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். அக்கா சொன்னது சரி. நான் ஓட்டோக்காரன், இந்த மாதிரி வேர்க்‌ஷாப்புக்கு மூணு தரம் போயிரிக்கன். காலையில 9 மணி என்டு போட்டு 10:30க்கு தொடங்குவாங்க, ஒரு ஐயா மைக்கைப் புடிச்சா விடமாட்டார், பகல் பிரியாணி பார்சல், பின்னேரம் குரூப் போட்டோ, பேனர் எல்லாத்துக்கும் தெரியிற மாதிரி நில்லுங்க என்டு. செட்டிபிக்கட் வீட்டுல இரிக்கி. கேட்டா என்ன படிச்ச என்டு சொல்ல ஏலாது.

உண்மையச் சொன்னா எங்களுக்கு தெரியும். ஒரே ஆள் வேற வேற புள்ளைகளோட ஒரே இடத்துக்கு ஏறினா ஓட்டோக்காரனுக்கு தெரியாம இரிக்குமா? கண்ணாடியில பின்னுக்கு பாத்துக்கிட்டுத்தானே ஓட்டுறம். பிரச்சினை தெரியாதது இல்ல, சொன்னா என்ன நடக்கும் என்டு தெரியாதது. பேரைக் கேப்பானா, கோட்டுக்கு நாலு வருசம் இழுப்பானா, அந்த ஆள் எங்கட ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புவானா, ஹயர் போகாம ஸ்டேசன்ல நாள் முழுக்க இருக்கணுமா. இதுக்கு மறுமொழி சொல்ற ஒரு ஆளக் கொண்டு வாங்க. அதோட நாங்க சந்தேகப்பட்டது பிழை என்டா? ஒருத்தன் தன்ட மருமகளைத்தான் கூட்டிட்டுப் போறான் என்டா நான் அவன்ட மானத்தை வாங்கினவன் ஆவேனே. ஒரு தொழுகையாளிக்கு அதுவும் பயம்.

ரிட்டயர்_அக்கா:

நல்ல கேள்வி தம்பி. 1929க்கு சந்தேகம் எண்டாலே அடிக்கலாம், நிரூபிக்கிற வேலை உங்களுக்கு இல்ல. பேர் சொல்லாமலும் தகவல் குடுக்கலாம். அடையாளம் எண்டு நாங்கள் சொல்லிக் குடுக்கிறது எல்லாம், புதுப் போன், பள்ளிக்குப் போகாதது, திடீரெண்டு காசு, தனியக் கதைக்க விடாத ஆள், இதில ஒண்டு மட்டும் கண்டா ஒண்டும் அர்த்தம் இல்ல, ஏ.எல். எடுக்கிற பிள்ளையளில பாதி இப்ப பள்ளிக்குப் போறேல்ல, ரியூசன் தான். ஒண்டுக்கு மேல ஒண்டு சேரேக்கதான் பார்க்கோணும். ஆளோட சண்டை பிடிக்கிறதோ, பேஸ்புக்கில போட்டோ போடுறதோ வேண்டவே வேண்டாம். ஓட்டோ இலக்கம், வான் இலக்கம், இடம், நேரம், அவ்வளவு.

நிலாவெளி_றிசப்சன்:

நான் நிலாவெளி றோட்டில ஒரு இடத்தில றிசப்சனில நிக்கிறன், இடத்தின்ர பேர் வேண்டாம். செயலாளர் அண்ணா, ஹோட்டல்காரருக்கு தனியா ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கோ, எங்கட கதை வேற.

போன சீசனில ஒரு பின்னேரம், ஒரு ஆள், நாப்பது வயசிருக்கும், எங்கட நாட்டு ஆள்தான், ஒரு பிள்ளையோட வந்தார். தங்கச்சி எண்டார். ஐடி ஒண்டுதான் தந்தார், காசு கையில, பின்பக்க ரூம் இருக்கா, கடல் பார்க்கத் தேவையில்ல எண்டார். நிலாவெளிக்கு வந்து கடல் வேண்டாம் எண்டவரை நான் அண்டைக்குத்தான் கண்டனான். நான் சும்மா பிள்ளையிட்ட எந்த ஸ்கூல் எண்டு கேட்டன், பிள்ளை என்னைப் பார்க்கேல்ல, அவரைப் பார்த்துது. எனக்கு விளங்கிட்டுது. "ரூம் இல்ல சேர்" எண்டு அனுப்பிட்டன். அண்டு இரவு நான் பெரிய வேலை செய்த மாதிரித்தான் நித்திரைக்குப் போனன், விடியத்தான் யோசிச்சன், அவை வேற எங்கயோ ரூம் எடுத்திருப்பினம். வந்த காரின்ர இலக்கம் கூட நான் எழுதேல்ல. எங்கட இடத்துக்குப் பிரச்சினை வராமப் பார்த்தன், பிள்ளைக்கு நான் ஒண்டும் செய்யேல்ல.

இதைத்தான் சொல்லிக் குடுக்கோணும். அனுப்பிவிடாம, "ரூம் கிளீன் பண்ணுறாங்க சேர், பத்து நிமிசம் இருங்கோ, ஜூஸ் குடியுங்கோ" எண்டு இருத்திட்டு உள்ளுக்குப் போய் போன் அடிக்கிறது. ஆனா அப்பிடி அடிச்சா முதலாளி என்ன சொல்லுவார் எண்டு ஊழியருக்குத் தெரியோணும், அதால முதலாளிமார் இல்லாம ஊழியருக்கு மட்டும் ரெயினிங் வச்சுப் பிரயோசனம் இல்ல. 18க்கு கீழ ஆரோட வந்தாலும் ரெண்டு பேரின்ர அடையாளமும் உறவும் பதியிறது எண்டு ஒரு விதியை எழுதி கவுண்டரில ஒட்டினா, எனக்குக் கேக்க வெக்கம் இல்ல, "ரூல் சேர்" எண்டு சொல்லலாம். சுற்றுலாத் துறைக்கெண்டே, பிள்ளையளைப் பாலியலுக்காகச் சுரண்டுறதுக்கு எதிரா வேலை செய்யிற எக்பாட் அமைப்பு ஆக்கள் சேர்ந்து செய்த ஒரு நடத்தைக் கோவை இருக்கு, கையெழுத்து வைக்கிற ஹோட்டல் ஊழியருக்கு ரெயினிங் குடுக்கோணும் எண்டது அதில ஒரு நிபந்தனை. எக்பாட் 1990 இல தொடங்கினதே ஆசியாவுக்கு வாற டூரிஸ்டுகளால பிள்ளையளுக்கு நடந்த கொடுமைக்கு எதிராத்தான். அதுக்காக வெள்ளைக்காரனை மட்டும் பார்த்துக்கொண்டு நிக்காதீங்கோ, நான் சொன்ன ஆள் தமிழில கதைச்சவர்.

இன்னொண்டு, ஆம்பிளைப் பிள்ளையள். பீச்சில சுத்துற பெடியனை ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்ல. "பெடியன்தானே" எண்டு விட்டிடுவம்.

கோட்டடி_சட்டம்:

நான் லோயர், சின்ன லோயர்தான். சட்டம் எவ்வளவு சொல்லோணும் எண்டு கேட்டிருந்தீங்கள், அரை மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், ஆனா அந்த அரை மணித்தியாலத்தை ஒரு சொல்லில தொடங்குங்கோ. "ஆட்கடத்தல்". இந்தச் சொல்தான் எங்கட ஆக்களைக் குழப்புது. திருகோணமலையில கடத்தல் எண்டா எல்லாருக்கும் ஞாபகம் வாறது ஆளைத் தூக்கிக்கொண்டு போற வெள்ளை வான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகோணும் எண்டு நினைக்கினம். சட்டத்துக்கு அது தேவையில்ல. சுரண்டிற நோக்கத்தோட ஒரு பிள்ளையைச் சேர்க்கிறது, கொண்டு போறது, வச்சிருக்கிறது, கைமாத்தி எடுக்கிறது, இதில ஒண்டு நடந்தாப் போதும். பிள்ளை ஒவ்வொரு இரவும் சொந்த வீட்டில சொந்தப் பாயில படுத்துக்கொண்டே விக்கப்படலாம். அதால "மனித வியாபாரம்" எண்ட சொல்லைப் பாவியுங்கோ, வியாபாரம் எண்டா வாங்கிறவன் ஒருத்தன் இருக்கிறான் எண்டது உடன விளங்கும்.

ரெண்டாவது, சம்மதம். வளர்ந்த ஆள் எண்டா ஏமாத்தினதோ வெருட்டினதோ காட்டோணும். 18 வயசுக்குக் கீழ எண்டா அது தேவையே இல்ல, மனித வியாபாரத்துக்கு எதிரா ஐ.நா. கொண்டு வந்த 2000 ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறை அப்பிடித்தான் சொல்லுது, நாங்கள் அதை 2015 இல ஏற்றுக்கொண்டம். "அவளும் விரும்பித்தானே போனவள்", "காதலாம்" எண்டு ஆர் சொன்னாலும் மனித வியாபாரக் குற்றத்துக்கு அது மறுமொழி இல்ல. எங்கட தண்டனைச் சட்டக்கோவையில 360 சீ பிரிவு, 2006 இல திருத்தினது, பாதிக்கப்பட்டது பிள்ளை எண்டா 3 வருசத்தில இருந்து 20 வருசம். றிசப்சன் தம்பிக்கு 360 பீ: பிள்ளையைப் பாலியல் சுரண்டலுக்கு எண்டு தெரிஞ்சுகொண்டே ஒரு இடத்தில இருக்க விடுறதும் குற்றம், 5 இல இருந்து 20. முதலாளிமாருக்கு இதை வாசிச்சுக் காட்டினா ரெயினிங்குக்கு வருவினம்.

அக்கா சொன்ன பத்து நிமிசக் கதைக்கு சட்டத்திலயும் காரணம் இருக்கு. 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டப்படி பிள்ளையின்ர முதல் வாக்குமூலத்தை வீடியோவில பதிஞ்சு கோட்டில சாட்சியா வைக்கலாம், திருப்பித் திருப்பிச் சொல்லவைக்காமல் இருக்கிறதுக்காகக் கொண்டு வந்த ஏற்பாடு. நீங்கள் கொட்டிலுக்குள்ள அஞ்சு தரம் கேட்டா பிள்ளை அஞ்சு விதமாச் சொல்லும், அந்த வித்தியாசம் எல்லாம் எதிரிக்கு லாபம்.

பிறகு எங்கட ஊர்ப் பிரச்சினை ஒண்டு. ஒரு ஸ்டேசனில, எந்த ஸ்டேசன் எண்டு விடுவம், தமிழில சொன்ன முறைப்பாட்டை சிங்களத்தில எழுதிக் கையெழுத்து வாங்கினதை என்ர கண்ணால பார்த்திருக்கிறன். தாய்க்கு ஒரு எழுத்து விளங்காது, கையெழுத்து வச்சிட்டு வந்திட்டா. வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு 1988 இல அரசியலமைப்பின்ர 16 ஆவது திருத்தத்திலயே போட்டாச்சு. தமிழில எழுதச் சொல்லிக் கேக்கலாம், மரியாதையாக் கேளுங்கோ, ஆனா கேளுங்கோ. தொண்டர் கூடப் போறதின்ர பயன் அதுதான், கதைக்கிறதுக்கு இல்ல, வாசிச்சுக் காட்டச் சொல்றதுக்கு.

பழைய_திருமலை:

இவ்வளவு எழுதத் தேவையில்லை. எல்லாத்துக்கும் காரணம் போன். பிள்ளையளிட்ட இருந்து போனைப் பறிச்சா ரெயினிங்கும் தேவையில்ல ஒண்டும் தேவையில்ல. எங்கட காலத்தில இப்பிடி ஒண்டும் இருக்கேல்ல.

ரிட்டயர்_அக்கா:

ஐயா, சுனாமிக்குப் பிறகு 2005 இல நான் முகாமுகளில வேலை செய்தனான். அங்க எந்தப் பிள்ளையிட்டயும் போன் இருக்கேல்ல. நடந்தது. உங்கட காலத்திலயும் நடந்தது, சொல்ல ஆளில்ல, அவ்வளவுதான்.

ஆனா போன் விசயத்தை ரெயினிங்கில சேர்க்கத்தான் வேணும். இப்ப ஆள் நேரில வாறதுக்கு முதல் படம் போயிடுது. ஒரு படம் அனுப்பின பிள்ளையை அந்தப் படத்தை வச்சே வெருட்டி இன்னும் கேக்கிறது, பிறகு "வா" எண்டு கூப்பிடுறது. போனைப் பறிப்பினம் எண்ட பயத்திலதான் பிள்ளை வீட்டில சொல்லாம அவனிட்டயே திரும்பப் போகுது ஐயா. தொண்டர்களுக்கு கட்டாயம் சொல்லுங்கோ, அப்பிடி ஒரு படம் கைக்கு வந்தா "ஆதாரம்" எண்டு வட்ஸ்அப் குரூப்பில போடாதீங்கோ, ஒராளுக்கும் போர்வேட் பண்ணாதீங்கோ, அதுவே குற்றம். போனில ஒண்டையும் அழிக்காம, அவன்ர கணக்குப் பேரையும் லிங்கையும் குறிச்சு வச்சுக் குடுங்கோ. படம் பரவிடும் எண்ட பயம் இருந்தா அமெரிக்காவில காணாமல் போன பிள்ளையளுக்கான மையம் 2023 இல தொடங்கின டேக் இற் டவுன் எண்ட சேவை இருக்கு, படம் போனை விட்டு வெளிய போகாது, அதின்ர கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும், அதில சேர்ந்திருக்கிற பேஸ்புக், இன்ஸ்டகிராம் மாதிரித் தளங்கள் அதை வச்சுத் தேடி எடுக்கும். வட்ஸ்அப்பில ஆளுக்காள் அனுப்பினதை அதால பிடிக்க ஏலாது, அதையும் சொல்லிடுங்கோ, பொய் நம்பிக்கை குடுக்கக்கூடாது.

குடும்பநல அக்கா வாறா எண்டீங்கள், ஆஸ்பத்திரி விசயத்தை அவவிட்ட விடுங்கோ. நடந்து 72 மணித்தியாலத்துக்குள்ள கொண்டு போனா எச்.ஐ.வி. தொத்தாம இருக்க மருந்து தொடங்கலாம், நேரம் போகப் போகப் பயன் குறையும். குளிக்க வாக்காம, உடுப்பைத் தோய்க்காம, கடதாசிப் பையில வச்சுக் கொண்டு போகோணும், பொலித்தீன் வேண்டாம், ஈரம் பிடிச்சுப் பழுதாகிடும். எங்கட அம்மாமார் முதல்ல செய்யிறதே பிள்ளையைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலையில வாக்கிறதுதான், பாசத்தில செய்யினம், சாட்சி எல்லாம் வாய்க்காலோட போயிடும். பிறகு சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். அரச ஆஸ்பத்திரிகள் பலதில "மிதுரு பியச", தமிழில நட்பு நிலையம் எண்டு, வன்முறையால பாதிக்கப்பட்ட ஆக்களுக்கெண்டே ஒரு அறை இருக்கு, அங்க இருந்து கதைக்கலாம்.

இன்னும் ஒண்டு. "கெடுத்திட்டான்", "பழுதாப் போனவள்" எண்ட சொல்லுகளை அண்டைக்கே ஹோலில நிப்பாட்டுங்கோ. கெட்டது அவன், பிள்ளை கெடேல்ல. தொண்டர் வாயில அந்தச் சொல் வந்தா அந்தப் பிள்ளை திரும்பி வராது.

உப்புவெளி_செயலாளர்:

எல்லாருக்கும் நன்றி. 64 ஸ்லைடில 60ஐ அழிச்சிட்டன், மிச்சம் நாலில இலக்கங்களும் உத்தியோகத்தர்மாரின்ர பேரும். திங்கக்கிழமை டீஎஸ் ஒபிசுக்குப் போறன். காலையில எல்லாருக்கும் சேர்த்து அந்தப் பத்து நிமிசம், மத்தியானத்துக்குப் பிறகு ஹோட்டல் ஆக்கள் ஒரு பக்கம், ஓட்டோ ஆக்கள் ஒரு பக்கம். பிரியாணி இல்ல, பணிசும் பிளேன் ரீயும்தான், கிண்ணியா அண்ணா மன்னிக்கோணும்.

ரெண்டு சந்தேகம். ரெயினிங் பற்றிச் சொன்ன உடன தெரியாத ஒரு ஆள் தானாவே வந்து, தான் பிள்ளையளோட தனியக் கதைச்சு கவுன்சிலிங் செய்யிறன், வீடு வீடாப் போறன் எண்டு ஒரே ஆர்வம். எடுக்கிறதா? மற்றது, தலைவர் சொல்றார் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "பாதிக்கப்பட்ட பிள்ளை" மாதிரி நடிக்க வச்சா தொண்டர் பழகலாம் எண்டு.

ரிட்டயர்_அக்கா:

ரெண்டுக்கும் மறுமொழி இல்லை எண்டதுதான். ஓடி வாற எல்லாரும் கெட்டவர் இல்ல, ஆனா பிள்ளையளுக்குக் கிட்டப் போகோணும் எண்டு நினைக்கிற ஆளுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆரா இருந்தாலும் பொலிஸ் ரிப்போட், ஊரில ரெண்டு பேரிட்ட விசாரிப்பு, ஒரு பிள்ளையோடயும் தனிய இருக்கிறேல்ல எண்ட விதியில கையெழுத்து. அதைச் சொன்ன உடன ஆள் வராம விட்டா விட்டிடுங்கோ. கழகத்துப் பழைய ஆக்களுக்கும் இதே விதிதான், உங்களுக்கும்.

நடிப்புக்குப் பிள்ளை வேண்டவே வேண்டாம். அந்த ஹோலுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு உண்மையிலயே அப்பிடி நடந்திருந்தா? உங்களுக்குத் தெரியாது. பெரிய ஆள் ஒராள் பிள்ளையா இருக்கட்டும். தொண்டர்கள் ஒவ்வொராளா முன்னால வந்து இருந்து கேக்கட்டும், "ஏன்" எண்டு வாய் தவறினா எல்லாரும் கை தட்டுங்கோ. பத்துத் தரம் தட்டு விழுந்தா நாக்குத் தன்ர பாட்டில அடங்கும்.

கிண்ணியா_ஓட்டோ:

பணிஸ் என்டாலும் வாறன். அக்கா, புள்ளையா நான் நடிக்கட்டா? தாடி இரிக்கி, பரவாயில்லையா?

ரிட்டயர்_அக்கா:

தாடி பிரச்சினை இல்ல தம்பி. வாய்தான் பிரச்சினை. அந்தப் பிள்ளை உங்களை மாதிரிக் கதைக்காது. ஒரு தண்ணிப் போத்தலைக் கையில வச்சுக்கொண்டு மூடியைத் திறந்து திறந்து பூட்டுங்கோ, மிச்சத்தை அவை பழகட்டும்.